நல்ல பல் டாக்டருக்கு என்னென்ன வேண்டும்? நீலகிரியிலிருந்து பி.டி.எஸ். படிக்கப் போகிறவர்கள் கேட்பவை

நீலகிரியில் பல் மருத்துவக் கல்லூரி இல்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பிள்ளைகள் பி.டி.எஸ். படிக்க மலையிறங்கித்தான் ஆகவேண்டும். நாலு வருடப் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். முடித்துவிட்டு மலைக்கே திரும்பித் தொழில் பார்க்க நினைப்பவர்களும், சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே.

நல்ல பல் டாக்டருக்கு என்ன குணம் வேண்டும் என்று மாணவர்களைக் கேட்டால் என்ன சொல்கிறார்கள்?

எந்த வருடத்து மாணவரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் இரண்டு வருடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் "கை நல்லா இருக்கணும்" என்பார்கள். மெழுகில் பல் செதுக்குவதும் பொம்மைத் தலையில் குழி வெட்டுவதுமாக அவர்கள் பொழுது போகிறது. ஸ்டாஃப் திட்டுவதும் அதற்காகத்தான். மூன்றாம் வருடம் ஓ.பி.யில் உயிருள்ள நோயாளி முன்னால் நின்றதும் பொறுமை, பேச்சு, பதறாமை என்று பட்டியல் மாறும். இன்டர்ன்களைக் கேட்டால் "எதைத் தொடக்கூடாதுன்னு தெரியணும்" என்பார்கள். எங்கள் ஓட்டு இன்டர்ன்களுக்கு.

ஆனால் பொறுமை, அன்பு, நேர்மை என்று குணமாகவே சொல்லிக்கொண்டிருந்தால் பரீட்சையில் எழுதலாம், நாற்காலி பக்கத்தில் உதவாது. ஒவ்வொன்றையும் செய்கையாக உடைத்துப் பார்த்தால்தான் பழக முடியும். பொறுமை என்றால் ஊசி போட்டபின் ஐந்து நிமிடம் கைகட்டி நிற்பது. நேர்மை என்றால் வேரைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பியான ஃபைல் உள்ளேயே உடைந்துபோனதை அன்றே நோயாளியிடம் சொல்லி, கேஸ் ஷீட்டிலும் எழுதுவது. கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

எனக்குப் படம் வரைய வராது, கையும் லேசாக நடுங்கும். சேரலாமா?

சேரலாம். நடுக்கத்தில் பெரும்பங்கு ஊன்றல் இல்லாததால் வருவது. வாய்க்குள் வேலை செய்யும்போது மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்கவேண்டும்; அந்தப் பல் ஆடாத பல்லாகவும், முடிந்தவரை அதே தாடையிலும் இருக்கவேண்டும். மேல் பல்லில் வேலை பார்த்துக்கொண்டு கீழ்ப் பல்லில் ஊன்றினால் நோயாளி எச்சில் விழுங்கும்போது கையும் கூடவே இறங்கும். வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு பிராக்டிகலுக்குப் போகாதீர்கள், அதுவும் ஒரு காரணம்.

செதுக்குவது பிறவித் திறமை அல்ல, அளவு வேலை. மேல்தாடையின் நடு முன்பல்லுக்குப் பாட அளவு: கிரீடம் (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி) 10.5 மி.மீ., வேர் 13 மி.மீ., அகலம் 8.5, முன்பின் கனம் 7. மெழுகுக் கட்டியில் பக்கவாட்டு உருவத்தை வரைந்து முதலில் அதை வெட்டுங்கள். பிறகு முன்பக்க உருவத்தை வரைந்து வெட்டுங்கள். இரண்டும் முடியும்வரை பல் சதுரமாகவே இருக்கட்டும். பாதியிலேயே உருட்ட ஆரம்பிப்பதுதான் முதல் வருடத்தின் பொதுவான தப்பு. உருட்டியபின் அளவு வைக்க விளிம்பே இருக்காது, பல் மெலிந்துகொண்டே போகும்.

லீவுக்கு வீட்டுக்கு வந்து பழகுகிறவர்களுக்கு ஒன்று: டிசம்பர், ஜனவரி காலையில் ஊட்டிக் குளிரில் மெழுகு சீவாமல் உதிரும். கட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் சுருள் சுருளாக வரும். மெழுகு கிடைக்காவிட்டால் சலவை சோப்பு போதும்.

பெண்பிள்ளை, ஒல்லியான உடம்பு. பல் பிடுங்கக் கைவலு வேண்டாமா?

இந்தக் கேள்வி அப்பாக்களிடமிருந்துதான் வருகிறது. பல் பிடுங்குவது இழுக்கிற வேலையே அல்ல. எலும்புக் குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கிற வேலை. முதலில் பல்லைச் சுற்றி ஈறைப் பிரிக்கவேண்டும். பல் பிடுங்கும் இடுக்கியான ஃபோர்செப்ஸின் மூக்கு கிரீடத்தைப் பிடிக்கக்கூடாது, ஈறுக்குக் கீழே இறங்கி வேரைப் பிடிக்கவேண்டும். பிடித்தபின் முதல் விசை வேரின் திசையில், உள்நோக்கி. அப்புறம்தான் அசைப்பு: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குக் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் மாறி மாறி, மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கன்னப் பக்கம், ஒற்றை வேர் உருண்டையாக உள்ள பல்லுக்கு லேசான திருகல். ஒவ்வொரு அசைப்பிலும் சில விநாடி அப்படியே நிறுத்திப் பிடித்தால் எலும்பு இளகும்.

வலு தேவைப்படுகிறது என்றால் நாற்காலி உயரம் தப்பாக இருக்கிறது என்று அர்த்தம். கீழ்ப் பல்லுக்கு நோயாளியின் வாய் உங்கள் முழங்கைக்குக் கீழே இருக்கட்டும், மேல் பல்லுக்கு முழங்கைக்குச் சற்று மேலே. இடது கை சும்மா இருக்கக்கூடாது. கீழ்த்தாடையைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் விசை முழுதும் காதோரத் தாடை மூட்டில் இறங்கி, பல் வந்தபிறகும் ஒரு வாரம் நோயாளிக்கு வாய் திறக்க வலிக்கும். முரட்டுக் கை உள்ளவர்கள்தான் கிரீடத்தை ஒடிப்பார்கள், மேல் கடைசிப் பல்லோடு பின்னெலும்பையும் பெயர்த்து எடுப்பார்கள்.

"ஊசி போட்டும் வலிக்குது டாக்டர்" என்று நோயாளி சொன்னால் என்ன செய்வது?

நம்பவேண்டும். "அது வலி இல்லம்மா, அழுத்தம்தான்" என்று சமாளிப்பது ஓ.பி.யில் தொற்றிக்கொள்ளும் கெட்ட பழக்கம். இரண்டும் வேறு வேறு, பிரித்துச் சோதிக்கவும் முடியும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கான நரம்பு ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கவைக்கும் மருந்து, அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெயின், சுமார் 1.5 மி.லி. ஊசி 20 முதல் 25 மி.மீ. உள்ளே போய் எலும்பைத் தொடவேண்டும். தொட்டபின் 1 மி.மீ. பின்வாங்கி, பிஸ்டனை இழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்து, நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில் செலுத்தவேண்டும். வேகமாகச் செலுத்தினால் மருந்தே வலிக்கும். பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருந்து, கீழ் உதட்டில் அந்தப் பாதி மரத்ததா என்று கேளுங்கள். "கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு" என்பது பதில் ஆகாது. "உதடு தடிச்சுப் போச்சு" என்று அவராகச் சொல்லவேண்டும். கன்னப் பக்க ஈறுக்குத் தனியாகக் கால் முதல் அரை மி.லி. போட மறப்பவர்கள் நிறையப் பேர்.

பத்து நிமிடம் ஆகியும் உதடு மரக்கவில்லை என்றால் ஊசி பெரும்பாலும் தாழ்வாகப் போயிருக்கும். சற்று உயர்த்தி இரண்டாவது முறை போடலாம். உதடு நன்றாக மரத்தும் பல் வலிக்கிறது என்றால் பல்லின் உயிர்த்திசு கடுமையாக வீங்கியிருக்கிறது. பல்லுக்கும் எலும்புக்கும் இடையே கூடுதல் ஊசி தேவைப்படும். எத்தனை முறை போட்டாலும் மொத்தக் கணக்கை விடாதீர்கள்: பெரியவர்களுக்கு அட்ரினலினோடு கிலோவுக்கு 7 மி.கி., எப்படியும் 500 மி.கி. தாண்டக்கூடாது. 1 மி.லி.யில் 20 மி.கி. இருக்கிறது. குழந்தைகளுக்கு கிலோவுக்கு 4.4 மி.கி. கணக்கு பாதுகாப்பானது, 15 கிலோ குழந்தைக்கு 66 மி.கி., அதாவது 3 மி.லி. சொச்சம்தான்.

குளிர்காலத்தில் மருந்துக் குப்பியைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து போடுங்கள். ஜில்லென்ற மருந்து உள்ளே போனால் சுருக்கென்று இருக்கும்.

சுத்தம் என்றால் கருவிகளை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் மெஷின்) போட்டு எடுத்தால் போதாதா?

சமவெளிக் கல்லூரியில் படித்ததை அப்படியே மலையில் செய்தால் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

"15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம்" என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். அது கடல்மட்டக் கணக்கு. கேஜ் முள் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் அது 11 பவுண்டு சொச்சம். முள் 15 காட்டும்போது சென்னையில் உள்ளே மொத்தம் 29.7 பவுண்டு, ஊட்டியில் 26 பவுண்டுதான். நீராவியின் வெப்பம் மொத்த அழுத்தத்தைப் பொறுத்தது என்பதால் ஊட்டியில் 121 டிகிரி வராது, 117ஐ ஒட்டி நின்றுவிடும். 121 வேண்டுமென்றால் முள் ஊட்டியில் ஏறக்குறைய 18½, குன்னூரில் 18, கூடலூரில் 17 காட்டவேண்டும். ஆயிரம் அடிக்கு அரைப் பவுண்டு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வெப்பத்தை அளந்து தானே கட்டுப்படுத்தும் புது மெஷின்களில் இந்தத் தொல்லை இல்லை. பழைய குக்கர் மாதிரி ஆட்டோகிளேவில் வால்வு 15 பவுண்டில் திறக்கும்படியே செய்திருப்பார்கள். வால்வின் மேல் எடை ஏற்றி அழுத்தத்தைக் கூட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் நேரத்தைக் கூட்டுங்கள்: 115 முதல் 118 டிகிரிக்குப் பழைய பாடக் கணக்கே 30 நிமிடம். அந்த 30 நிமிடமும் உள்ளிருக்கும் காற்று முழுதும் வெளியேறி, முள் நிலைத்தபிறகு தொடங்கவேண்டும். காற்று உள்ளே தங்கிவிட்டால் முள் சரியாகக் காட்டும், வெப்பம் மட்டும் வராது. பொட்டலங்களைத் திணித்து அடுக்குவதும் அதே கேட்டில்தான் முடியும்.

வெளியே ஒட்டும் டேப் நிறம் மாறினால் அந்தப் பொட்டலம் சூடு பட்டது என்று மட்டும் தெரியும். கிருமி செத்தது என்று சொல்லாது. பொட்டலத்துக்குள் வைக்கும் ரசாயனப் பட்டை, வாரம் ஒருமுறை ஸ்போர் சோதனை (எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து, செத்தனவா என்று பார்ப்பது) இரண்டும் வேண்டும். ஈரப் பொட்டலத்தை எடுத்து அலமாரியில் வைக்காதீர்கள், மழை மாதத்தில் அது காயவே காயாது. ஈரத் தாள் வழியே கிருமி உள்ளே இறங்கும். கருவியைக் கொதிக்க வைத்து எடுப்பது எந்த ஊரிலும் ஸ்டெரிலைசேஷன் ஆகாது. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் என்பதால் இங்கே இன்னும் மோசம்.

குளிரும் மழையும் வேறு எதையெல்லாம் மாற்றும்?

தண்ணீரில் கலக்கி வாயில் பல் அச்சு எடுக்கும் பொடியான ஆல்ஜினேட்டை முதலில் மாற்றும். தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் இறுகும் நேரம் சுமார் ஆறு விநாடி நீளும். காலையில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரி இருந்தால், 20 டிகிரித் தண்ணீரைவிட ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். கல்லூரியில் பழகிய கடிகாரக் கணக்கில் ட்ரேயை எடுத்தால் கிழிந்துதான் வரும். தண்ணீரை வெதுவெதுப்பாக்கி 20 டிகிரிக்குக் கொண்டுவந்து கலக்குங்கள். கிண்ணத்தில் மிச்சமிருப்பதைத் தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வந்தபிறகு இன்னும் இரண்டு நிமிடம் விட்டு எடுங்கள். ஆல்ஜினேட் அச்சைத் துணியில் சுற்றிக் கோவை லேபுக்கு பஸ் பார்சலில் போடுவது பணத்தை வீணடிப்பது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்டோன் பிளாஸ்டர் ஊற்றி, இறுகிய மாடலைத்தான் அனுப்பவேண்டும். சிலிக்கோன் அச்சு என்றால் பயணம் தாங்கும்.

பல் நிறத்து அடைப்புப் பொருளான காம்போசிட் குளிரில் கல்லாகும்; சிரிஞ்சைக் கோட்டுப் பையில் அரைமணி நேரம் வைத்திருந்தால் சரியாகிவிடும். குளிரில் தானாக இறுகும் பிளாஸ்டிக்கான செல்ஃப் க்யூர் அக்ரிலிக்கும் மெதுவாகத்தான் இறுகும்.

மழைக்காலத்தில் கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் தேங்கும். தினமும் மாலை டேங்கின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து வடிக்காவிட்டால் காற்றோடு ஈரமும் வந்து பல்லில் விழும், ஃபில்லிங்கை ஒட்டவைக்கும் பாண்டிங் பிடிக்காது, மூன்று மாதத்தில் ஃபில்லிங் கழன்றுவிட்டது என்று நோயாளி வந்து நிற்பார். பொருள் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் கண்ணாடியில் ஏர் சிரிஞ்சை அடித்துப் பாருங்கள்; புள்ளி புள்ளியாகத் தண்ணீர் விழுந்தால் விடை தெரிந்துவிடும்.

மருத்துவ விவரம் கேட்பது சடங்கு மாதிரி இருக்கிறது. எவ்வளவு கேட்கவேண்டும்?

"பி.பி., சுகர் இருக்கா?" என்று ஒரே மூச்சில் கேட்டால் "இல்லை" என்று ஒரே மூச்சில் பதில் வரும். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, சீட்டைக் கொடுங்க" என்று கேட்டால்தான் விஷயம் வரும். பி.பி.யைக் கேட்டு எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள். 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிப்போட்டு மருத்துவரிடம் அனுப்பவேண்டும். சுகர்காரர் காலை உணவும் மாத்திரையும் முடித்துவிட்டு வரட்டும். பட்டினியாக வந்தவரை நாற்காலியில் ஏற்றாதீர்கள். ஒரு பல் பிடுங்குவதற்காக ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லும் பழக்கம் பழையது. இதய மருத்துவரைக் கேட்காமல் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எதையும் நிறுத்தக்கூடாது. அப்படிப்பட்ட மருந்தான வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற சோதனை) பார்க்காமல் கை வைக்கக்கூடாது.

நீலகிரியில் கூடுதலாக ஒன்று கேட்கவேண்டும்: சிக்கிள் செல். இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் இந்த ரத்த நோய் உண்டு. கோத்தகிரியில் நாவா, கூடலூரில் அஸ்வினி ஆகிய அமைப்புகளின் மருத்துவமனைகள் நீண்ட காலமாக இதற்கு சிகிச்சை தருகின்றன. மத்திய அரசும் 2023இல் இதற்கென ஓர் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. குளிர், தாகம், தொற்று, பயம் இவற்றில் எதுவும் இந்த நோயாளிக்கு வலி நெருக்கடியைத் தூண்டலாம். அதனால் சின்னச் சின்ன சிட்டிங்காக வைத்துக்கொள்ளுங்கள், ஏ.சி. வேண்டாம், போர்வை இருக்கட்டும், தண்ணீர் குடிக்க வையுங்கள், பல் தொற்றை ஆறப்போடாமல் சிகிச்சை செய்யுங்கள். பல் பிடுங்குமுன் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். எக்ஸ்ரேயில் எந்தப் பல்லிலும் கோளாறு இல்லாமல் தாடை மட்டும் வலிக்கிறது என்றால் அது நெருக்கடி வலியாகவே இருக்கலாம். நல்ல பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள்.

எஸ்டேட் ஆட்கள் பலர் வெற்றிலை புகையிலை போடுகிறார்கள். திட்டாமல் எப்படிச் சொல்வது?

திட்டினால் அடுத்த முறை வாயைக் கழுவிக்கொண்டு வந்து "போடுறதில்லை" என்பார்கள், அவ்வளவுதான் மிச்சம். எந்தப் பக்கம் ஒதுக்குவீர்கள், ராத்திரி வாயில் வைத்துக்கொண்டே தூங்குவீர்களா என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஒதுக்கும் பக்கத்துக் கன்னத்தில்தான் வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் வரும்.

ஒவ்வொரு நோயாளிக்கும், சொத்தைப் பல்லுக்கு வந்தவருக்கும், வாய் முழுக்கப் பாருங்கள். நாக்கு நுனியைக் காஸ் துணியால் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்கவேண்டும். நாக்கின் பின்ஓரமும் நாக்குக்கு அடியும்தான் மாணவர்கள் பார்க்காமல் விடும் இடங்கள். வாய் எவ்வளவு திறக்கிறது என்று முன்பற்களுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்து மி.மீ.யில் எழுதுங்கள். 35க்குக் கீழே போனாலோ, காரம் பட்டால் எரிகிறது என்றாலோ, கன்னத்தைத் தடவினால் கயிறு மாதிரிப் பட்டைகள் கிடைத்தாலோ பாக்கால் வரும் இறுக்க நோயைச் சந்தேகிக்கவேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் பயாப்சிக்கு (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) அனுப்பவேண்டும். குத்தும் பல்லை ராவிவிட்டு "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றால் சரி. தேதியையும் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளாமல் அப்படிச் சொல்லி அனுப்பினால் அவர் வரமாட்டார்.

மொழி ஒரு பிரச்சினையா?

தமிழ் மட்டும் தெரிந்தால் ஊட்டியில் ஓட்டிவிடலாம். படுகக் கிராமங்களில் வயதானவர்களிடம் படுகு நாலு வார்த்தை பேசினால் முகம் மலரும். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளம் வேண்டும். எந்த மொழியிலும் "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்பதை மட்டும் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். கை தூக்கினால் உடனே நிறுத்தவும் வேண்டும். ஒருமுறை நிறுத்தாமல் விட்டால் அந்த நோயாளி உங்களிடம் திரும்பமாட்டார்.

குழந்தைகள்?

சொல், காட்டு, செய் என்பதே முறை. சுழலும் கருவியை முதலில் குழந்தையின் நகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள், "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லிப் பத்துக்குள் முடியுங்கள்.

கட்டணம், நேர்மை இதையெல்லாம் கல்லூரி சொல்லித்தருமா?

ஒழுக்க விதிகள் பாடத்தில் உண்டு. பல் மருத்துவ கவுன்சில் 2014இல் திருத்தி வெளியிட்டதை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். ஆனால் விலை சொல்வதை யாரும் சொல்லித்தருவதில்லை. வழி இதுதான்: ஆரம்பிக்கும் முன்பே மொத்தத் தொகையைச் சொல்லவேண்டும், கேப் சேர்த்து. "ரூட் கெனாலுக்கு இவ்வளவு" என்று மட்டும் சொல்லி, முடிந்தபின் கேப்புக்கு அதே அளவு கேட்டால் தோட்டத் தொழிலாளி கேப் போடாமலே போய்விடுவார். கேப் இல்லாத கடைவாய்ப் பல் பிளந்து, இரண்டு வருடத்தில் பிடுங்கவேண்டி வரும். கேப் போட வசதியில்லை என்றால் பிடுங்குவது உட்பட மற்ற வழிகளையும் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் இலவசமாக ஆகக்கூடியதை அங்கே அனுப்புவதில் வெட்கம் எதுவும் இல்லை.

தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு சிட்டிங்கும் ஒரு நாள் சம்பளம். மூன்று சொத்தை கீழ்த்தாடையில் ஒரே பக்கம் இருந்தால் ஒரே ஊசியில் ஒரே நாளில் அடைத்துவிடலாம். மூன்று நாளாகப் பிரிப்பது உங்கள் வசதிக்கா அவர் வசதிக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"எதைத் தொடக்கூடாது" என்று எப்படி முடிவெடுப்பது?

வேலையின் கஷ்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் மலையில் மாட்டிக்கொள்வீர்கள். பின்னால் கோளாறு வந்தால் நோயாளி எப்படித் திரும்பி வருவார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எக்ஸ்ரேயில் ஞானப் பல்லின் வேர் நரம்புக் குழாயை மேவி நிற்கிறது, படுக்கைவாட்டில் புதைந்திருக்கிறது என்றால் வாய் அறுவை நிபுணரிடம் கோவைக்கு அனுப்புங்கள். நேரான, எளிதான பல்லாகவே இருந்தாலும் மாலை நாலு மணிக்குப் பிடுங்காதீர்கள். கடைசி பஸ்ஸில் குந்தா பக்கத்து எஸ்டேட்டுக்குப் போய் இறங்கியபின் ரத்தம் கசிந்தால் இரவு முழுக்க யாரும் இல்லை. காலையிலேயே பிடுங்கி, காஸை 30 முதல் 45 நிமிடம் கடிக்க வைத்து, கசிவு நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள். கையில் நாலு காஸ் கொடுங்கள். 24 மணி நேரம் துப்பவோ கொப்பளிக்கவோ, பீடி, புகையிலை தொடவோ கூடாது என்பதைத் தமிழில் அச்சடித்த சீட்டாகவே கொடுத்துவிடலாம். மூன்றாம் நாள் திடீரென்று வலி கூடி, காதுவரை இழுத்து, வாய் நாறினால் குழி காய்ந்துவிட்டது, உடனே வரச்சொல்லுங்கள்.

மழை மாதத்தில் ரூட் கெனாலைப் பாதியில் விடும்போது யோசித்து விடுங்கள். ஜூன் முதல் கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மண் சரிந்து பாதை அடைபடும். "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றவர் மூன்று வாரம் கழித்து வரலாம். முதல் சிட்டிங்கிலேயே எல்லாக் கெனாலையும் முழு நீளத்துக்குச் சுத்தம் செய்து, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, மேலே கிளாஸ் அயனோமர் என்ற உறுதியான சிமெண்டால் மூடிவிட்டால் தாங்கும். சாதாரணத் தற்காலிக அடைப்பு என்றால் குறைந்தது 3.5 மி.மீ. கனம் வேண்டும், அதற்குக் குறைந்தால் எச்சில் கசிந்து, செய்ததெல்லாம் வீண்.

ஊசி கையில் குத்திவிட்டால்?

சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மறைப்பவர்கள்தான் அதிகம், பயம் காரணம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸையும் (0, 1, 6 மாதம்) கிளினிக்கல் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். மூன்றாம் வருடம் ஆரம்பித்த பிறகு நினைவுக்கு வந்தால் ஆறு மாதம் பாதுகாப்பில்லாமல் வேலை செய்யவேண்டிவரும். மூடியைக் கையில் பிடித்து ஊசிக்கு மாட்டாதீர்கள். ட்ரேயில் வைத்து ஒற்றைக் கையால் அள்ளி மாட்டுங்கள்.

இன்டர்ன்ஷிப்பில் எதை விடாமல் கற்கவேண்டும்?

மலைக்குத் திரும்புவதாக இருந்தால் வாய் அறுவைப் பிரிவிலும் குழந்தைப் பிரிவிலும் கிடைக்கும் ஒவ்வொரு நாளையும் பயன்படுத்துங்கள். உடைந்த வேரை எடுப்பது, தையல் போடுவது, கசியும் ரத்தத்தை நிறுத்துவது மூன்றும் மேற்பார்வை இல்லாமல் செய்ய வரவேண்டும். கம்ப்ரசர் மெக்கானிக் வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பல்லைக் குடையும் ஏர் ரோட்டரின் கார்ட்ரிட்ஜ் மாற்றவும், எண்ணெய் விடவும், ஃபில்லிங்கை ஒளியால் இறுக்கும் லைட் க்யூரின் வெளிச்சம் குறைந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்க்கவும் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சூரில் மெஷின் நின்றால் அதற்காகக் கோவையிலிருந்து ஆள் வர நாலு நாள் ஆகும்.

நான் இடது கைக்காரன். ஏதாவது சிக்கலா?

சிக்கல் நாற்காலியில்தான். கல்லூரி யூனிட்டுகள் பெரும்பாலும் வலது கைக்காரருக்கு அமைத்தவை. நோயாளியின் தலையைக் கடிகார முகமாக வைத்துப் பார்த்தால், மற்றவர் 9 மணி நிலையில் உட்காருவதை நீங்கள் 3 மணி நிலையில் உட்கார்ந்து செய்யவேண்டும், ட்ரேயும் உறிஞ்சுகுழலும் எதிர்ப்பக்கம் வரவேண்டும். இரண்டாம் வருடம் பொம்மைத் தலை கொடுக்கும்போதே ஸ்டாஃபிடம் சொல்லி, வரிசையின் ஓர் ஓரத்து இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தமாக கிளினிக் போடும்போது இரண்டு பக்கமும் மாற்றக்கூடிய யூனிட் என்று கேட்டு வாங்கலாம்.